ஒரு கயிறு தாங்க, ஒரு கயிறு காக்கவா? இரண்டும் சேர்ந்தே தாங்கவா?

கயிற்று மீட்புக்கென்று புதிதாக ஒரு குழு சேர்ந்தால், கருவி வாங்கும் பேச்சு பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குகிறது. எந்தக் கயிறு நல்லது, எந்த டிசெண்டர் (உராய்வால் கயிற்றை அடக்கி எடையை மெல்ல இறக்கும் கருவி) நல்லது என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். அதெல்லாம் அப்புறம். முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: பள்ளத்தில் இறங்கும் மீட்பரையும் ஸ்ட்ரெச்சரில் இருப்பவரையும் எந்த முறையில் தொங்கவிடப் போகிறோம்? அது முடிவாகிவிட்டால் கயிற்றின் தடிமன், கருவி, ஆங்கர் (கயிற்றைக் கட்டி நிறுத்தும் பிடிமானம்), முடிச்சு எல்லாமே அதன் பின்னால் வரிசையாக வந்துவிடும்.

இன்று பரவலாக இருக்கும் முறைகள் இரண்டு. இரண்டிலுமே இரண்டு கயிறு உண்டு. பழைய முறையில் ஒரு கயிறு முழு எடையையும் தாங்கும்; அது மெயின். இன்னொன்று எடை ஏதும் இல்லாமல் கூடவே போகும், அது பிலே. மெயின் அறுந்தாலோ, ஆங்கர் பிடுங்கிக்கொண்டாலோ, இறக்குபவர் கை தவறினாலோ விழுகிறவரைப் பிடித்து நிறுத்துவது பிலேயின் வேலை. புதிய முறையில் மெயின், பிலே என்ற பிரிவே கிடையாது. இரண்டு கயிறும் சரிபாதி எடையைத் தாங்கும். இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கருவி, ஒரே மாதிரிக் கைவேலை. ஒன்று போனால் மற்றது முழு எடையையும் வாங்கிக்கொள்ளும். இதை இரட்டைத் தாங்கு முறை என்று வைத்துக்கொள்வோம்.

புதிதாகத் தொடங்கும் குழு இரட்டைத் தாங்கு முறையை எடுப்பதே நல்லது என்பது என் முடிவு. ஆனால் அதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதற்குப் பதில் வைத்திருக்கும் குழுதான் அதை எடுக்க வேண்டும். எது என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இது முடிவெடுக்க உதவும் கட்டுரை, பயிற்சி அல்ல. தகுந்த பயிற்சியாளர் பக்கத்தில் நிற்காமல் யாரும் இதை வைத்துக்கொண்டு விளிம்புக்குப் போக வேண்டாம்.

60 மீட்டர் கீழே கயிறு அறுந்தால்

பழைய முறை குருட்டு நம்பிக்கையில் பிறந்ததல்ல. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1980களில் மீட்பர்கள் ஒரு சோதனையை வகுத்தார்கள். 200 கிலோ எடையை 3 மீட்டர் கயிற்றில் கட்டி 1 மீட்டர் விழவிட வேண்டும். பிலே அதை மேலும் ஒரு மீட்டருக்குள் நிறுத்த வேண்டும்; கயிற்றில் ஏறும் விசை 15 கிலோ நியூட்டனை (சுமார் 1500 கிலோ எடை தொங்குவதற்குச் சமம்) தாண்டக் கூடாது. ஸ்ட்ரெச்சர் விளிம்பைத் தாண்டும் கணத்தில் மெயின் போய்விட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தச் சோதனையின் கேள்வி. மலையேறிகள் ஒற்றை ஆளைப் பிடிக்க நம்பியிருந்த முறைகள் பல இதில் தோற்றன. 8 மி.மீ. துணைக்கயிற்றில் மூன்று சுற்றுப் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வைத்த இரண்டு பிரூசிக் முடிச்சுகள் (பெரிய கயிற்றைச் சுற்றிப் போடுபவை; தளர்த்திப் பிடித்தால் நகரும், எடை ஏறினால் கவ்வும்) தாக்குப்பிடித்தன. அந்த இரட்டைப் பிரூசிக் பிலே உலகம் முழுக்கப் பரவியது அதனால்தான். ஒரு மீட்பர், காயம்பட்டவர், ஸ்ட்ரெச்சர், சாமான்கள் எல்லாம் சேர்த்து 200 கிலோ என்று கணக்கு வைக்கும் பழக்கமும் அங்கிருந்து பலர் கைக்கு வந்தது.

ஆனால் அந்தச் சோதனை 3 மீட்டர் கயிற்றைப் பற்றியது. 60 மீட்டர் வெளியே போன பிறகு கணக்கு மாறுகிறது. நாம் எடுத்திருக்கும் குறைநீட்சிக் கயிறு 200 கிலோவுக்கு 4 சதவீதம் நீள்கிறது என்று கொள்வோம். 60 மீட்டரில் அது 2.4 மீட்டர். பிலேயில் துளிகூடத் தொய்வு இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், மெயின் அறுந்த கணத்தில் முழு எடையும் திடீரென்று அதன்மேல் இறங்குகிறது. திடீரென்று ஏறும் எடை, நிதானமாக ஏறும் எடையைப் போல இரண்டு மடங்கு வரை கயிற்றை நீட்டும். ஆக ஸ்ட்ரெச்சர் 4.8 மீட்டர் வரை போய், மேலே துள்ளி, கடைசியில் 2.4 மீட்டர் கீழே நிற்கும்.

இரட்டைத் தாங்கு முறையில் இரண்டு கயிறும் ஏற்கெனவே 2 சதவீதம் நீண்டுதான் இருக்கின்றன. ஒன்று போனால் மற்றதன்மேல் புதிதாக ஏறுவது பாதி எடைதான். அதிகபட்சம் 2.4 மீட்டர் போய், 1.2 மீட்டரில் நிற்கும். உச்ச விசையும் சுமார் 4 கிலோ நியூட்டனுக்குப் பதிலாக 3 ஆகக் குறைகிறது. கயிற்றுக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல, 4 கிலோ நியூட்டனை அது சாதாரணமாகத் தாங்கும். முதுகெலும்பு அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் கட்டப்பட்டுக் கிடப்பவருக்கு 2.4 மீட்டரும் 4.8 மீட்டரும் ஒன்றல்ல. இடையில் ஒரு பாறைத் திட்டு துருத்திக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். நடைமுறையில் தொய்வே இல்லாத பிலே என்பதும் அரிது. அரை மீட்டர் தொய்வு இருந்தால்கூட மேலே சொன்ன எண்கள் இன்னும் மோசமாகும்.

பிடித்துக்கொண்டிருப்பவரின் கை

எனக்கு இந்த எண்களைவிடப் பெரிதாகப் படுவது கருவியைப் பிடித்திருப்பவரின் நிலைமை. இரட்டைப் பிரூசிக் பிலேயில் நிற்பவரைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இடது கையின் விரல்கள் பிரூசிக் முடிச்சுகளை லேசாகத் தளர்த்திப் பிடித்திருக்கும். வலது கை கயிற்றை உள்ளே ஊட்டும். மணிக்கட்டு சற்றே திரும்பி, முடிச்சு இறுகாமலும் முழுக்க நெகிழாமலும் பார்த்துக்கொள்ளும். கயிறு வெடுக்கென்று இழுத்தால் அந்தக் கை முடிச்சை விட்டுவிட வேண்டும். விட்டால்தான் பிரூசிக் கயிற்றைக் கவ்வும். ஆனால் பதற்றத்தில் மனிதக் கை செய்வது நேர் எதிர்: இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்த பிரூசிக் கயிற்றோடு சேர்ந்து ஓடும், உருகும்.

நன்றாகப் பழகியவர் கையில் இது அழகான வேலை, சந்தேகமில்லை. ஆனால் அவர் கையில் எடை தெரியாது. அருவிச் சத்தத்தில், இருட்டில், ஒரு மணி நேரமாக எடையே இல்லாத கயிற்றை ஊட்டிக்கொண்டிருப்பவருக்குத் தொய்வு சேர்வது தெரியாமல் போகும். அதற்குப் பயந்து இறுக்கமாக ஊட்டினால், காரணமே இல்லாமல் பிரூசிக் கவ்விக்கொள்ளும். அதை விடுவிக்க எல்லாரும் நின்று, விடுவிப்பு முடிச்சை (எடை இருக்கும்போதே அவிழ்க்க முடிகிற முடிச்சு) அவிழ்த்துக் கட்டி, மறுபடி தொடங்க வேண்டும்.

இரட்டைத் தாங்கு முறையில் இரண்டு பேர் கையிலும் எடை இருக்கிறது. ஒருவர் மெதுவாக விட்டால் அவர் கயிறு விறைக்கும், மற்றது தளரும்; ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் இருப்பவர் இரண்டு கயிற்றையும் விரலால் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுவார். பிழை சின்னதாக இருக்கும்போதே கண்ணில் படுகிறது. பழைய முறையில் பிலேயின் குறை, மெயின் அறுந்த பிறகுதான் வெளியே வரும். அப்புறம் பயிற்சி. பழைய முறையில் மெயினுக்கு ஒரு திறமை, பிலேவுக்கு வேறொரு திறமை. இங்கே ஒரே திறமையை எல்லாரும் கற்றால் போதும், யார் எந்தக் கயிற்றுக்கும் போய் நிற்கலாம். மாதம் ஒருமுறை கூடிப் பழகும் தன்னார்வக் குழுவுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அந்தக் குழுவை நடத்துபவருக்குத்தான் தெரியும்.

எந்த முறையானாலும் விசில் சோதனை என்ற ஒன்றை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். வேலை நடக்கும் ஏதோ ஒரு கணத்தில் விசில் ஊதியதும் எல்லாரும் கையை விட்டுவிட்டால் எடை நிற்குமா? நிற்காது என்றால் அந்த அமைப்பைக் களத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

விளிம்பு: எதிர்வாதம் இங்கேதான்

இறுக்கமாக இருக்கும் கயிறு தொய்வாக இருக்கும் கயிற்றைவிடச் சுலபமாக அறுபடும். கயிற்று மீட்பில் கயிறு எடை தாங்காமல் அறுவது மிக அரிது. கூர்மையான விளிம்பில் உரசி அறுவதுதான் உண்மையான ஆபத்து. பழைய முறையில் அறுபடக்கூடிய நிலையில் இருப்பது ஒரு கயிறு. பிலே தளர்ந்து கிடப்பதால் அதே கல்லின்மேல் உரசினாலும் பெரும்பாலும் பிழைக்கும். இரட்டைத் தாங்கு முறையில் இரண்டுமே இறுகி, ஒரே விளிம்பின்மேல், பக்கத்துப் பக்கத்தில். பக்கவாட்டில் ஒரு வீச்சு, இரண்டும் ஒன்றாகத் தேய்கின்றன. மேலிருந்து ஒரு கல் உருண்டு வந்தாலும் இறுகிய கயிறுதான் முதலில் சேதமாகும். இதுதான் நான் சொன்ன அந்த வலுவான வாதம், பொய்யும் அல்ல.

இதற்கு மறுமொழியும் உண்டு. தளர்ந்த பிலேயும் மெயின் அறுந்த அடுத்த கணம் இறுகிவிடும். அதுவும் 4 மீட்டர் நீண்டபடி, அதே விளிம்பின்மேல் ரம்பம்போல இழுபட்டு இறுகும். ஆக, விளிம்பைக் கவனிக்காத குழுவை எந்த முறையும் காப்பாற்றாது. இரட்டைத் தாங்கு முறை அந்தக் கவனிப்பைக் கட்டாயமாக்குகிறது, அவ்வளவுதான்.

கவனிப்பு என்றால் மூன்று வழி. கித்தான் துணி விரிப்பு விலை குறைவு, கையோடு போகும், உருண்டையான விளிம்புக்குப் போதும். ஆனால் கயிறு பக்கவாட்டில் நகர்ந்தால் விரிப்பை விட்டு வெளியே போய்விடும். அதைத் தனியே கட்டி வைக்க வேண்டும், ஒரு ஆள் கண் வைத்திருக்க வேண்டும். உருளை வைத்த விளிம்புக் காப்பு உராய்வைக் குறைக்கும், மேலே இழுக்கும்போது வேலை பாதியாகத் தெரியும். இரண்டையும்விட நல்லது உயரத் திசைதிருப்பி: முக்காலியோ இரட்டைக்காலோ நிறுத்தி, கயிற்றை விளிம்புக்கு மேலே தூக்கிவிடுவது. கயிறு கல்லைத் தொடாவிட்டால் எதிர்வாதம் பாதிக்கு மேல் அடங்கிவிடும்; ஸ்ட்ரெச்சரை விளிம்பைத் தாண்ட வைக்கும் பெரும்பாடும் மிச்சம். ஆனால் முக்காலி சும்மா நிற்காது. அதன் தலையில் கயிறு உள்ளே வரும் திசைக்கும் வெளியே போகும் திசைக்கும் நடுவே விழும் கூட்டுவிசை கால்களுக்கு உள்ளேதான் இறங்க வேண்டும். வெளியே விழுந்தால் சாயும். அதற்கு இழுவைக் கயிறுகள், காலுக்குக் கால் கட்டு, அதைப் போடத் தெரிந்த ஆள் எல்லாம் வேண்டும்.

உயரத் திசைதிருப்பி வைக்க வழியில்லாத இடத்தில் ஒரு நடுவழி இருக்கிறது. பல குழுக்கள் அதைத்தான் செய்கின்றன. ஸ்ட்ரெச்சர் விளிம்பைத் தாண்டும் வரை ஒரு கயிறு மட்டும் எடை தாங்கட்டும், மற்றது தளர்வாகப் பிலே போல வரட்டும். தாண்டி, விரிப்பு சரியாக அமர்ந்த பிறகு எடையை இரண்டுக்கும் பகிர்ந்துகொள்வது. இரண்டிலும் ஒரே கருவி இருப்பதால் எதையும் மாற்றிக் கட்டாமலே இதைச் செய்ய முடியும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

கருவி

பணம் குறைவாக இருக்கும் குழுவுக்கு ரேக்கும் பிரூசிக்கும் இன்னும் பொருத்தமானவை. ரேக் என்பது கயிறு வளைந்து வளைந்து போகும் ஆறு குறுக்குக் கம்பிகள் கொண்ட இறக்கும் கருவி. எத்தனை கம்பி கயிற்றோடு சேர்கிறதோ அவ்வளவு உராய்வு. சேறு படிந்த கயிறு, மிக நீண்ட இறக்கம், சூடு எல்லாவற்றையும் அது பொறுத்துக்கொள்ளும். ஆனால் கையை விட்டால் நிற்காது. விசில் சோதனையில் ரேக் தனியாகத் தேறாது, பிலேதான் தேற்ற வேண்டும். ஆகவே இரட்டைத் தாங்கு முறைக்கு ரேக்கைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கையை விட்டால் தானே கவ்வும் டிசெண்டர்களில் பெட்ஸல் ஐ-டி நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளது. பதற்றத்தில் கைப்பிடியை முழுக்க இழுத்துவிட்டாலும் நிற்கும் ஏற்பாடு அதில் உண்டு. ஆனால் மேலே இழுக்கும் வேலைக்கு அதைக் கப்பியாகப் பயன்படுத்தினால் உராய்வு அதிகம், ஆட்கள் களைத்துப்போவார்கள். சி.எம்.சி. எம்.பி.டி., சி.எம்.சி. கிளட்ச், பெட்ஸல் மாஸ்ட்ரோ போன்றவற்றில் கப்பி உள்ளேயே இருக்கிறது. இறக்குவதிலிருந்து இழுப்பதற்கு மாற, எடையை வேறொரு கருவிக்குக் கைமாற்ற வேண்டியதில்லை. கைமாற்றும் கணங்களில்தான் பிழைகள் நுழைகின்றன என்பதால் நான் இவற்றின் பக்கம். விலை அதிகம், அதுவும் இரண்டு வாங்க வேண்டும். ஒன்று நல்லதும் ஒன்று மட்டமானதுமாக வாங்கிச் சமாளிக்கும் யோசனை வேண்டாம். இரண்டு பேர் கையிலும் ஒரே கருவி இருப்பதில்தான் இந்த முறையின் பலமே இருக்கிறது.

கருவியின் மேல் எழுதியிருக்கும் கயிற்றுத் தடிமனைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 12.5 மி.மீ. கயிற்றுக்கான கருவியில் 11 மி.மீ. கயிறு வழுக்கும்.

11 மி.மீ. கயிறா, 12.5 மி.மீ. கயிறா?

அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ. வகுத்த தரத்தில் பொதுப் பயன்பாட்டுக் கயிறு குறைந்தது 40 கிலோ நியூட்டன் தாங்க வேண்டும். இந்த எண் எப்படி வந்தது தெரியுமா? இரண்டு பேர் எடை 600 பவுண்டு என்று வைத்து, 15ஆல் பெருக்கினால் 9000 பவுண்டு. அது 40 கிலோ நியூட்டன். ஒற்றை ஆளுக்கு 300 பவுண்டு வைத்தால் 20 வருகிறது. அது தொழில்நுட்பப் பயன்பாட்டுப் பிரிவு. ஐரோப்பாவின் இ.என். 1891 தரத்தில் ஏ வகைக் கயிறு 22 கிலோ நியூட்டனும், முனையில் முடிச்சோடு 15 கிலோ நியூட்டனை 3 நிமிடமும் தாங்கினால் போதும். நீட்சி 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

நடைமுறையில் 12.5 மி.மீ. கயிறு 40 கிலோ நியூட்டன் அளவுக்கும், 11 மி.மீ. கயிறு 30 கிலோ நியூட்டன் அளவுக்கும் வரும். முடிச்சில் கால் பங்கு போனாலும் 11 மி.மீ. கயிற்றில் 22 கிலோ நியூட்டன் மிஞ்சுகிறது; 200 கிலோ எடைக்கு அது பத்து மடங்குக்கும் மேல். இரட்டைத் தாங்கு முறையில் அப்படி இரண்டு கயிறு இருக்கிறது. எடையைப் பாருங்கள்: 100 மீட்டருக்கு 11 மி.மீ. சுமார் 8 கிலோ, 12.5 மி.மீ. சுமார் 11 கிலோ. சரிவில் நடந்து போகும் குழுவுக்கு 11 மி.மீ. போதும் என்பேன். வண்டி பக்கத்திலேயே நிற்கும், தரம் கட்டாயம் என்று விதி உள்ள தீயணைப்புக் குழுவுக்கு 12.5 மி.மீ. அது கூர்மையான விளிம்பில் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கொஞ்சத்தை நம்பி விரிப்பை விட்டுவிடக் கூடாது.

மலையேற்றத்துக்கான டைனமிக் கயிறு இந்த வேலைக்கு ஆகாது. அது விழுபவரின் அதிர்ச்சியை வாங்க நீள்வதற்கென்றே செய்தது. அதில் ஸ்ட்ரெச்சர் ஊஞ்சலாடும், இழுக்கும் ஆட்களின் பாதி உழைப்பு கயிற்றை நீட்டவே போய்விடும். நைலானா பாலியெஸ்டரா என்றால், நைலான் ஈரத்தில் கொஞ்சம் வலிமை இழக்கும், அமிலம் பட்டால் கெடும். பாலியெஸ்டர் குறைவாக நீளும், ஆனால் கடும் காரம் பட்டால் கெடும். வண்டி பேட்டரிக்குப் பக்கத்தில் நைலான் கயிற்றை வைக்காதீர்கள். இரண்டு கயிறும் இரண்டு நிறமாக இருக்கட்டும்: "சிவப்பு நிறுத்து" என்று சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது.

ஆங்கர்: ஒரு பெரிய மரமா, மூன்று சின்னப் புள்ளிகளா?

சந்தேகமே இல்லாத ஒற்றை ஆங்கர் கிடைத்தால் மூன்று சுமாரான புள்ளிகளைத் தேடிப் போகாதீர்கள். உயிருள்ள, வேர் ஆழமான, தடித்த மரம், கட்டடத்தின் தூண், வீட்டளவு பாறை. இவற்றில் கட்ட இரண்டு நல்ல வழிகள். முதலாவது, கயிற்றையே மூன்று நான்கு சுற்று சுற்றி, முனையைத் தளர்வாக மாட்டிவிடுவது. எடை முழுவதையும் சுற்றுகளின் உராய்வே வாங்கிக்கொள்வதால் முடிச்சால் வரும் வலிமை இழப்பு இல்லை. மரம் கயிற்றைப்போல எட்டுப் பத்து மடங்காவது தடித்திருக்க வேண்டும். இரண்டாவது, வெப்பிங் நாடாவை மூன்று முறை சுற்றி இரண்டு சுற்றை மட்டும் முன்னால் இழுத்து கராபினர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) மாட்டுவது. இதில் முடிச்சு எடை இருக்கும் பக்கம், மரத்தின் முகத்தில் ஒட்டி அமர வேண்டும். அப்போது உராய்வு அதைக் காக்கும். வேகமாகப் போடலாம், கயிறு வீணாகாது, கருவியை மாட்டத் தனிப் புள்ளி கிடைக்கும். கருவிகளோடு வேலை செய்யும் குழுவுக்கு நாடாதான் வசதி.

பெரிய மரம் இல்லாத இடத்தில்தான் உண்மையான கேள்வி வருகிறது. பல புள்ளிகளை இணைக்க இரண்டு வழி: எடையின் திசை மாறினால் தானே சமன் செய்துகொள்ளும் வழுக்கும் இணைப்பு, அல்லது ஒரே திசைக்கு முடிச்சுப் போட்டு நிறுத்திய நிலையான இணைப்பு. வழுக்கும் இணைப்பு கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நாடாவின் உராய்வால் அது சொல்கிற அளவுக்குச் சமன் ஆவதில்லை. அதைவிட மோசம், ஒரு புள்ளி பிடுங்கினால் அந்தக் காலின் நீளம் முழுக்க விட்டுக்கொடுத்து, மிச்சப் புள்ளிகளின்மேல் உதறி விழும்.

நிலையான இணைப்பிலும் ஒரு மறைவான குறை உண்டு. குட்டையான கால் நெட்டையான காலைவிடக் குறைவாக நீளும். அதனால் அதிக எடை அதன்மேல் போகும். ஒரே நாடாவில் ஒரு கால் 1 மீட்டர், இன்னொன்று 3 மீட்டர், கோணம் சிறிது என்றால், 200 கிலோவில் 150 கிலோ குட்டைக் காலுக்கும் 50 கிலோ நெட்டைக் காலுக்கும் போகும். கண்ணுக்கு இரண்டும் இறுக்கமாகத்தான் தெரியும். இது தெரிந்தால் செய்ய வேண்டியதும் தெரியும்: குட்டைக் கால் போகும் புள்ளி நம்பகமானதாக இருக்கட்டும். எடையின் திசை அதிகம் மாறாத மீட்பு வேலையில் நான் நிலையான இணைப்பையே எடுப்பேன்.

கோணத்தையும் மறக்கக் கூடாது. இரண்டு கால்கள் நடுவே 60 பாகை என்றால் 200 கிலோவுக்கு ஒவ்வொரு புள்ளியிலும் 115 கிலோ. 90 பாகையில் 141. 120 பாகையில் முழு 200. அதற்கு மேல் விரித்தால் இரண்டு புள்ளி வைத்ததன் பயனே போய்விடும்: 150 பாகையில் ஒவ்வொன்றுக்கும் 386 கிலோ. அடிக்கடி பார்க்கும் தவறு, நாடா போதாமல் குட்டையாகக் கட்டிக் கோணத்தை அகலவிடுவது. நீளமான நாடா எடுத்துப் போங்கள்.

முன்னால் இருக்கும் மரம் மெலிந்தது, பின்னால் தூரத்தில் நல்ல மரம் இருக்கிறது என்றால், பின்மரத்திலிருந்து முன்மரத்துக்குக் கப்பி வைத்து இழுத்து இறுக்கிக் கட்டிவிடுங்கள். முன்மரம் இடத்தைக் கொடுக்கும், பின்மரம் பலத்தைக் கொடுக்கும். வெறும் மண்தான் என்றால் இரும்பு முளைகள்: எடைக்கு எதிர்ப்பக்கம் சுமார் 15 பாகை சாய்த்து, மூன்றில் இரண்டு பங்கு நீளம் மண்ணுக்குள் போகும்படி அடித்து, முன்முளையின் தலையைப் பின்முளையின் அடியோடு முறுக்கிக் கட்ட வேண்டும். நனைந்த மண்ணில் இவற்றை அதிகம் நம்பாதீர்கள்.

இரட்டைத் தாங்கு முறையில் இரண்டு கயிற்றுக்கும் தனித்தனி ஆங்கர் வேண்டும் என்பது பொது விதி. ஆனால் ஒரு அருமையான மரமும் ஒரு சந்தேகமான புதரும்தான் இருக்கிறது என்றால், விதிக்காக ஒரு கயிற்றைப் புதரில் கட்டாதீர்கள். இரண்டையும் மரத்திலேயே, தனித்தனி நாடாவில் கட்டலாம்.

முடிச்சு, கராபினர்

எட்டு முடிச்சா பௌலைனா என்ற வாக்குவாதம் ஓயாது. எட்டு முடிச்சில் கயிற்றின் வலிமையில் சுமார் முக்கால் பங்கு மிஞ்சும், பௌலைனில் மூன்றில் இரண்டு பங்கு. 11 மி.மீ. கயிற்றில் இரண்டுமே 200 கிலோவுக்குப் பத்து மடங்கு அளவில் நிற்பதால் வலிமையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். எட்டு முடிச்சைத் தூரத்திலிருந்தே பார்த்துச் சரி என்று சொல்லலாம். எடை ஏறிய பிறகு அவிழ்ப்பது கஷ்டம். பௌலைன் சுலபமாக அவிழும். எடை இல்லாதபோது தளரும், வளையத்தைக் குறுக்கே இழுத்தாலும் நம்ப முடியாது, வாலைப் பூட்ட வேண்டும். காயம்பட்டவர் தொங்கும் முனையில் எட்டு முடிச்சு, அங்கங்கே கட்டி அவிழ்க்கும் இடத்தில் பூட்டிய பௌலைன் என்று வைத்துக்கொள்ளலாம். கயிற்றின் நடுவே வளையம் வேண்டும், மூன்று பக்கமும் எடை வரும் என்றால் பட்டர்ஃபிளை முடிச்சு. வெப்பிங்கில் போடும் நீர்முடிச்சு ஏறி இறங்கும் எடையில் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும். வால் ஒரு சாண் அளவுக்காவது விட்டு, ஒவ்வொரு முறையும் பாருங்கள். டைனீமா என்ற செயற்கை இழையில் செய்த ஸ்லிங்கில் (தைத்த வளைய நாடா) முடிச்சே போடாதீர்கள். இழை வழுக்கும், உருகுநிலையும் நைலானைவிட வெகு கீழே, சுமார் 145 பாகை செல்சியஸ்.

ஆங்கரில் எஃகு கராபினர், உடம்பில் சுமப்பவை அலுமினியம். இதில் வேறு பேச்சில்லை.

ஏற்கெனவே பழகிய குழு மாறலாமா?

பல வருஷம் மெயின், பிலே முறையில் நன்றாக வேலை செய்யும் குழுவுக்கு என் பதில் வேறு. பாதி ஆட்கள் புதிய முறை, பாதி பழைய முறை என்று ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. "தளர்த்து" என்ற சொல்லுக்கு ஒருவர் பிலேயை நினைப்பார், இன்னொருவர் தன் பங்கு எடையை நினைப்பார். மாறுவதென்றால் இரண்டு கருவியும் வாங்கி, எல்லாரும் ஒன்றாகப் பழகி, இருட்டிலும் ஒரு முறை முழு மீட்பைச் செய்து பார்த்த பிறகு ஒரே நாளில் மாற வேண்டும். பழகும் காலத்தில் அழைப்பு வந்தால் பழைய முறையிலேயே போங்கள். குகைகளில் நீண்ட சேற்றுக் கயிற்றில் ரேக்கை வைத்துக்கொண்டு, பிரூசிக்கில் கை தேர்ந்த நாலைந்து பேர் மட்டுமே இருக்கும் குழு மாறாமலே இருக்கலாம்; அவர்களிடம் நான் கேட்பது, பிலேயில் நிற்பவருக்கு முன்னறிவிப்பு இல்லாமல், 200 கிலோ எடையை விழவிடும் சோதனையை ஒவ்வொரு வருஷமும் செய்யச் சொல்லித்தான்.